இடப்பக்கத்துச் சொற்கள்

உட்காருங்கள், அம்மா. அந்த நாற்காலி வேண்டாம். அது தூணுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையில் பாதிதான் தெரியும். இங்கே, எனக்கு நேரெதிரே உட்காருங்கள். பேசும்போது எதிரே இருப்பவரின் முகம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தவறாக நினைக்காதீர்கள்.

நீங்கள் மாடிப்படி ஏறி வந்ததும் உங்களை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு உங்கள் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேனே, அதையும் தவறாக நினைக்க வேண்டாம். சுரண்டையிலிருந்து வருகிறேன், தலைமையாசிரியை, பெயர் பரிபூரணம் என்று யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம். உங்கள் அலுவலகத்தில் எடுத்தவர், "ஆமா, எங்க பெரிய டீச்சர் பாளையங்கோட்டைக்குத்தான் போயிருக்காக" என்றார். குரலில் தயக்கம் இல்லை. பின்னணியில் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டது. ஆகவே நம்புகிறேன். இப்போதைக்கு நம்புகிறேன்.

ஹெப்சி உங்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். முன்பு வேலை பார்த்த இடம் என்று என் பயிலகத்தைக் குறிப்பிட்டிருக்கிறாள். அவளை எடுக்கலாமா, கூடாதா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். கூடாது என்று ஒரே சொல்லில் சொல்லி உங்களை அடுத்த பேருந்துக்கே அனுப்பிவிடலாம். ஆனால் காரணம் கூறாமல் தீர்ப்புக் கூறுவது என் வழக்கமன்று. நான் இலக்கணம் கற்பித்தவள். விதியைச் சொன்னால் எடுத்துக்காட்டையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கு முன்பும் சில பள்ளிகளிலிருந்து கேட்டார்கள். அவர்களெல்லாம் தொலைபேசியில் கேட்டார்கள். நான் இரண்டு வாக்கியம் சொன்னவுடன் "சரிம்மா, புரிஞ்சுபோச்சு" என்று வைத்துவிட்டார்கள். நேரில் வந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஏன் நேரில் வந்தீர்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. இருக்கட்டும். முடிவில் கேட்கிறேன்.

பணி ஓய்வு பெறும்வரை நான் இந்த ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில இலக்கணம் கற்பித்தேன். வடிவு டீச்சர் என்றால் தெரியாதவர்கள் குறைவு. ஓய்வுக்குப் பிறகு இந்த மாடியை எடுத்தேன். பின்கட்டில் குடியிருப்பு, முன்கட்டில் வகுப்பு. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நர்ஸ் படிப்பு முடித்த பெண்கள். வெளிநாட்டு மருத்துவமனைகளில் வேலை வேண்டுமென்றால் ஓர் ஆங்கிலத் தேர்வு எழுதித் தேற வேண்டும். ஊசி போடத் தெரியும், கட்டுப் போடத் தெரியும், பிரசவம்கூடப் பார்ப்பார்கள். ஆனால் நோயாளியைப் பற்றி அரைப்பக்கம் எழுதச் சொன்னால் அந்த அரைப்பக்கத்திலேயே அவனைக் கொன்றுவிடுவார்கள். அவ்வளவு பிழை.

அதற்குத்தான் என் முறை. பலகையைப் பாருங்கள். நடுவே ஒரு கோடு. வலப்பக்கம் சரியான சொல். வெள்ளை சாக்பீஸில், சிறிய எழுத்தில். சரியானது கூச்சல் போட வேண்டியதில்லை. இடப்பக்கம் பிழையான சொல். சிவப்பில், பெரிய எழுத்தில், கடைசி வரிசைக்கும் தெரியும்படி. வகுப்பு தொடங்கும்போது பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று இடப்பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். வகுப்பு முடியும்போதும் வாசிக்க வேண்டும். வலப்பக்கத்தை நான் வாசிக்கச் சொல்வதில்லை. அது தானே வந்துவிடும். எதிரியை அல்லவா அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

பாருங்கள், உங்கள் கண்ணும் இடப்பக்கத்திலேயே நிற்கிறது. உதடுகூட அசைகிறது. எல்லோருக்கும் அப்படித்தான். அதுதான் என் முறையின் வெற்றி.

ஹெப்சி வந்தது போன ஆண்டு மழைக்காலத்தில். நான் இலக்கணமும் எழுத்தும் பார்த்துக்கொள்வது, அவள் பேச்சுப் பயிற்சி கொடுப்பதும் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்துவதும் என்று ஏற்பாடு. தகப்பனார் இல்லை, தாயாரும் படிக்கிற தங்கையும் இவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள் என்று சொன்னாள். நேரந்தவறாமல் வந்தாள். குடையைப் படியிலேயே உதறிவிட்டு வந்தாள். குரல் உயர்த்திப் பேசவில்லை. உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை. நான் காத்திருந்து பார்த்தேன், இல்லவே இல்லை. எனக்கு அன்றைக்கே ஐயம் வந்துவிட்டது. இத்தனை திறமை உள்ளவள் என்னிடம் ஏன் வேலைக்கு வர வேண்டும்? எதிர்ச்சாரியில் ஞானதுரை பலகை போட்டுக் காத்திருக்கிறாரே, அங்கே ஏன் போகவில்லை?

ஞானதுரையை வரும்போது பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நிறத்தில் பெரிய பலகை, "பறந்து பறந்து பேசலாம் இங்கிலீஷ்" என்று. இலக்கணமே வேண்டாம், வாயைத் திறந்தால் போதும் என்று சொல்லித்தருகிறார். என்னைத் தெருவில் பார்த்தால், "யக்கா, இன்னைக்கு எத்தனை சொல்லைச் சிலுவையில அறைஞ்சீக?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதில்தான் சூழ்ச்சி தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் 'ரிகார்ட்லெஸ்' என்று ஒரு சொல் உண்டு. உங்களுக்குத் தெரியாததல்ல, எது எப்படி இருந்தாலும் என்று பொருள். சில அமெரிக்கர்கள் அதன் தலையில் தேவையில்லாமல் ஒரு முண்டாசைக் கட்டி 'இர்ரிகார்ட்லெஸ்' என்று பேசுகிறார்களாம். நான் ஒரு புத்தகத்தில் படித்தேன். நம் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் பேசிக் கேட்டதில்லை, எழுதிப் பார்த்ததுமில்லை. இருந்தாலும் நாளைக்கு வந்துவிட்டால்? முன்னெச்சரிக்கையாக இடப்பக்கத்தில் எழுதிவைத்தேன். வழக்கம்போல் வாசிக்கச் செய்தேன்.

அடுத்த மாதிரித் தேர்வில் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'இர்ரிகார்ட்லெஸ்' என்று எழுதியிருந்தார்கள்.

சொல்லுங்கள், அம்மா. தமிழ்நாட்டிலேயே இல்லாத ஒரு சொல். அது இந்த மாடிக்கு எப்படி ஏறி வந்தது? காற்றிலா வந்தது?

நான் வகுப்பில் கேட்டேன். "இந்தச் சொல்லை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று. முப்பிடாதி என்று ஒருத்தி, ஆலங்குளத்துப் பக்கம், துணிச்சலானவள், அவள்தான் எழுந்தாள்.

"நீங்கதான் டீச்சர்."

"நானா? அது தவறு என்றல்லவா சொன்னேன்?"

"ஆமா டீச்சர். அதையும் சொன்னீக."

வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். நான் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, ஹெப்சியைப் பார்த்தேன். பின்வரிசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி சிரிக்காமல் இருந்தால் அதற்கு என்ன பொருள்?

அதன் பிறகு நான் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன். 'எ லாட்' என்பதைப் பிரித்து எழுத வேண்டும் என்று சொன்னால் ஒட்டி எழுதினார்கள். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' வரக்கூடாது என்று சொன்ன மறுநாளிலிருந்து, அதுவரை போடாதவர்களும் போடத் தொடங்கினார்கள். நான் எதை எச்சரிக்கிறேனோ அதுவே விளைகிறது. நான் எச்சரிக்காத பிழைகளை அவர்கள் செய்யவே இல்லை. இதை எப்படி விளக்குவீர்கள்? இடப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்த ஒருவர், ஞானதுரைக்காக உள்ளேயே இருந்துகொண்டு, அதையே குறிவைத்துப் பெண்களின் தலையில் ஏற்றுகிறார். வேறு விளக்கம் இருக்க முடியுமா?

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். இந்தத் தூணுக்குப் பின்னால் உட்காருகிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் மட்டும் அந்தப் பிழைகளைச் செய்யவில்லை. தூண் மறைப்பதால் அவர்களுக்கு வலப்பக்கம் மட்டும்தான் தெரியும். பாதிப் பாடத்தை இழந்தவர்கள். அவர்களல்லவா அதிகம் தவற வேண்டும்? தவறவில்லை. அவர்கள் எல்லோரும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஒரே விடுதியில் தங்கியவர்கள். ஆகவே ஞானதுரையின் ஆட்கள் அந்த விடுதிக்குள் இன்னும் நுழையவில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

ஏன் நாற்காலியை நகர்த்துகிறீர்கள்? வெயில் அடிக்கிறதா? சன்னலைச் சாத்தட்டுமா? வேண்டாமா? சரி.

பிறகு ஒருநாள் பகலுணவு முடித்துச் சற்றுப் படுத்துவிட்டு முன்கட்டுக்கு வருகிறேன், பலகையின் இடப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. வலப்பக்கம் ஓர் எழுத்துக்கூடக் கலையவில்லை. இடப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டார்கள். ஹெப்சி சன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"கையைக் காட்டு" என்றேன்.

காட்டினாள். விரல்நுனியெல்லாம் சிவப்பு.

"மதிய வகுப்புக்கு இடம் வேணும்னு அழிச்சேன் டீச்சர்."

"இடம் வேண்டுமென்றால் வலப்பக்கத்தை அழித்திருக்கலாமே?"

தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. போன வாரம் நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்கல்லா, அப்பவும் நான் இந்தப் பக்கம் எழுதல. அந்த வாரம் பிள்ளைக தப்பே பண்ணல. தாளை நீங்களே பாத்தீங்க. வலப்பக்கம் மட்டும் எழுதினா போதாதா டீச்சர்?"

பார்த்தீர்களா? நான் காய்ச்சலில் கிடந்த வாரத்தில் பிழைகள் நின்றது உண்மை. அது எனக்கும் தெரியும். ஆனால் அது அவளுக்கு எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது? குழாயைத் திறந்து மூடுகிறவளுக்குத்தானே தண்ணீர் எப்போது நின்றது என்று தெரியும்? அதுமட்டுமல்ல. இடப்பக்கமே வேண்டாம், என் முறையே வேண்டாம் என்கிறாள். இலக்கணம் வேண்டாம் என்று எதிர்ச்சாரியில் ஒருவர் சொல்கிறார். இடப்பக்கம் வேண்டாம் என்று இவள் சொல்கிறாள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்? ஒரு தெருவின் அகலம்.

அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். சான்று போதவில்லை என்று பொறுத்தேன்.

அந்த நேரத்தில் முப்பிடாதியின் தேர்வு முடிவு வந்தது. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. தேர்வு மட்டும்தான் பாக்கி. கேட்பதிலும் பேசுவதிலும் தேறினாள். எழுத்தில் போய்விட்டது. இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான், தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

"இத்தனை சொல்லியும் அந்தப் பிழைகளை ஏன் எழுதினாய்?" என்று கேட்டேன்.

"டீச்சர், ரெண்டுல ஒண்ணு தப்புன்னு நல்லாத் தெரியுது. எதுன்னுதான் தெரியல. கண்ணை மூடினா செவப்புலதான் வருது, பெருசா. கம்ப்யூட்டர்ல எழுதுறப்ப எல்லாமே கறுப்புல்லா? எது செவப்பு, எது வெள்ளைன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

எவ்வளவு நன்றாகத் தயாரிக்கப்பட்ட பதில் பாருங்கள். அழுகிற பெண் இவ்வளவு ஒழுங்காகப் பேச முடியுமா? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும், யாரென்று.

பிறகு அந்தக் கடைசி நிகழ்ச்சி. பெண்களுக்குத் தனி வகுப்பு என்று ஓர் அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதிக் கீழே வாசற்கதவில் ஒட்டினேன். சார்ட் தாளில், கறுப்பு மார்க்கரில், என் கையாலேயே எழுதினேன். தனி என்பதற்கு 'செபரேட்' என்ற சொல். அதன் நடுவே 'ஏ' வர வேண்டிய இடத்தில் ஊரிலே பாதிப் பேர் 'ஈ' போடுவார்கள். என் இடப்பக்கத்தில் அந்தப் பிழைக்கு நிரந்தர இடம். பயிலகம் தொடங்கிய நாளிலிருந்து தலைவரிசையில் அதுதான். மாலையில் ஒட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கோலம் போடக் கீழே இறங்குகிறேன். ஹெப்சி கதவருகே குந்தியிருக்கிறாள். ஒரு கையில் பிளேடு, மறு கையில் மார்க்கர். அந்தச் சொல்லின் நடுவெழுத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அருகே போய்ப் பார்த்தேன். 'ஈ' இருந்தது, அம்மா. என் வாசலில், என் பெயருக்கு மேலே, 'ஈ'.

"என்ன செய்கிறாய்?"

திடுக்கிட்டு எழுந்தாள். "டீச்சர்... ராத்திரி ஒரு பிள்ளை போன்ல சொல்லிச்சு. ஞானதுரை சாரு கடை திறக்கதுக்கு முந்தி சரி பண்ணிரலாம்னுதான் சீக்கிரம் வந்தேன். யாரும் பாக்கதுக்குள்ள மாத்திட்டா..."

அதற்குள் எதிர் மாடியிலிருந்து ஞானதுரையின் குரல். பல் துலக்கிக்கொண்டே கத்துகிறார். "ஹெப்சி, விடு தாயீ! லேட்டு! நேத்துச் சாயங்காலமே போட்டோ எடுத்துட்டேன். குரூப்புல போட்டு ஊரே பாத்தாச்சு! யக்கா, அந்தச் சொல்லைச் சிலுவையில அறையாம கதவுல அறைஞ்சுட்டீகளே!"

நான் ஹெப்சியிடம் கேட்டேன்: "இதில் இந்த எழுத்தைப் போட்டது யார்?"

"டீச்சர், அது உங்க எழுத்துதான்."

"என் கை இந்தப் பிழையைச் செய்யாது."

"செய்யாது டீச்சர். ஆனா தெனமும் அதை எழுதுறது உங்க கைதானே டீச்சர்? பிள்ளைகளுக்கு வந்ததுதான் உங்களுக்கும்..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்க விடவில்லை.

என்ன கேட்கிறீர்கள்? நானே எழுதியிருக்கலாமா? உங்கள் இடத்தில் வேறு யாராவது இருந்து இதைக் கேட்டிருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பேன். யோசித்துப் பாருங்கள். அந்தப் பிழையை நான் எத்தனை ஆண்டுகளாக நாள்தோறும் எழுதிவருகிறேன்! அவ்வளவு பழகிய கை தவறுமா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: போலி மிக நுட்பமானது. என் 'ஈ'க்குள் வரும் அந்தச் சிறு சுழிப்பு, கோட்டின் சாய்வு, அழுத்தம், எல்லாமே என்னுடையது போலவே இருந்தது. நானே ஒரு கணம் என்னுடையது என்று நினைத்துவிட்டேன். அவ்வளவு தூரம் என் எழுத்தைப் பழகியிருக்கிறாள் என்றால், எத்தனை நாளாகத் திட்டமிட்டிருப்பாள்!

அறிவிப்பை ஒட்டிய அன்று மாலை அவள் ஊரிலேயே இல்லையாம். தூத்துக்குடியில் பெரியம்மா வீட்டில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தாளாம். செல்போனில் படம் காட்டினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள். படங்களை நம்பும் வயதை நான் கடந்துவிட்டேன். இந்தக் காலத்தில் ஒரு குழந்தையை வைத்து எதை வேண்டுமானாலும் காட்டலாம்.

வாசலிலேயே கணக்கு முடித்து அனுப்பினேன். அவள் அழவில்லை. "நான் எந்த எழுத்தையும் மாத்தல டீச்சர்" என்று ஒருமுறை சொன்னாள். காலை வகுப்புக்கு அப்போதுதான் வந்த முப்பிடாதியின் காதில் என்னவோ சொன்னாள். போய்விட்டாள்.

தெரியாமல் இன்னொருவர் ஏமாறக் கூடாதல்லவா? ஊரிலுள்ள பயிலகங்கள் எல்லாவற்றுக்கும் செய்தி சொன்னேன். கையெழுத்தைப் போலி செய்கிறவள், எச்சரிக்கை, என்று. யாரும் எடுக்கவில்லை. ஞானதுரைகூட எடுக்கவில்லை, தொடர்பு வெளியில் தெரிந்துவிடும் என்ற அச்சம்தான், வேறென்ன? இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்து வைக்கிறாளாம். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு "அக்கா, இந்தக் கலர் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். தங்கையின் படிப்பு நின்றுவிட்டதாகக் கேள்வி. எனக்கு மகிழ்ச்சி இல்லை, அம்மா. வருத்தம்தான். ஆனால் வருத்தம் வேறு, சான்று வேறு.

நான் சொன்னதற்கெல்லாம் மேலான சான்று ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டுவிடுங்கள். ஹெப்சி போன பிறகு முப்பிடாதி மறுபடி தேர்வு எழுதினாள். எழுத்தில் மிக நல்ல மதிப்பெண்! இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். அங்கே எப்போதும் மழை என்று செய்தி அனுப்பியிருந்தாள். ஹெப்சி இருந்தவரை தோற்றவள், ஹெப்சி போனதும் தேறுகிறாள். முறை அதே முறை. பலகை அதே பலகை. இடையில் மாறியது என்ன? நீங்களே சொல்லுங்கள்.

வேறொன்றும் மாறவில்லையா என்றா கேட்கிறீர்கள்? ஒன்றுமில்லையே. ஆம், உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டாள். முன்வரிசையில் இருந்தவள் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். அது ஒரு விஷயமா? இப்போது எல்லாப் பெண்களும் அங்கே இடம் பிடிக்கத்தான் அடித்துக்கொள்கிறார்கள். மின்விசிறி நேர்மேலே இருக்கிறது, அதனால்தான். நேற்றுகூட இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

நீங்களும் நகர்ந்து நகர்ந்து அங்கேயே போய்விட்டீர்களே! உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. சரி, காற்று வேண்டுமென்றால் அங்கேயே இருங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

அவளுடைய செல்போன் எண்ணா? எதற்கு? விண்ணப்பத்தில் பழைய எண்ணைக் கொடுத்திருக்கிறாளா? பார்த்தீர்களா, அதிலும் ஒரு மறைப்பு. புது எண் என்னிடம் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் எண்ணை நான் அழிப்பதில்லை. சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். வேலை இல்லை என்று அவளிடமே சொல்லிவிடுவது நல்ல பண்புதான். உங்கள் மேல் மதிப்பு வருகிறது.

காப்பி குடித்துவிட்டுப் போகலாம். இல்லை, மறுக்கக் கூடாது. பெண்கள் வருவதற்கு இன்னும் சற்று நேரம் இருக்கிறது. உட்காருங்கள், பால் காய்ந்துதான் இருக்கிறது, கலக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். சமையலறையிலிருந்து பேசினாலும் எனக்குக் கேட்கும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இந்தாருங்கள். சூடாக இருக்கிறது, விளிம்பைப் பிடியுங்கள்.

நீங்கள் செல்போனில் பேசியது என் காதில் விழுந்தது, அம்மா. கேட்காதது போல் இருக்க எனக்குத் தெரியாது. "திங்கக்கிழமை காலையில பிரேயருக்கு முன்னாடியே வந்துருங்க ஹெப்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக உங்களுக்காகத்தான் காத்திருக்கு. அழாதீங்கம்மா, கடையில சொல்லிட்டு வாங்க" என்றீர்கள். இந்த வார்த்தைகள்தானே? ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகா?

ஏன் நேரில் வந்தீர்கள் என்று முடிவில் கேட்பேன் என்றேனே. இப்போது கேட்கிறேன். உங்களை அனுப்பியது யார்? சுரண்டையில் அந்தப் பள்ளி உண்மையிலேயே இருக்கிறதா? தொலைபேசியில் பேசினவருக்குக் குரலில் தயக்கமே இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு உறுத்துகிறது. உண்மையான அலுவலகத்தில் ஒருவர் ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்வாரா?

சிரிக்கிறீர்கள். "நான் கேக்க வந்ததுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க டீச்சர்" என்கிறீர்கள். என்ன பதில்? நான் கூடாது என்றல்லவா சொன்னேன்? தொடக்கத்திலேயே சொன்னேன். ஒரே சொல்லில் சொன்னேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. பெண்கள் வந்துவிட்டார்கள். வாருங்கள், வாருங்கள், வரிசையாக. தள்ளிக்கொள்ளாதீர்கள். அந்த நாற்காலியை விடு, விருந்தினர் உட்கார்ந்திருந்த நாற்காலி. ஏன் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்? என்ன பார்க்கிறீர்கள்? நிற்பவர்கள் அப்படியே நின்று இடப்பக்கத்தை வாசிக்கத் தொடங்கலாம். வாசியுங்கள்.

ஏன் யாரும் வாசிக்கவில்லை?

...

அம்மா, சற்று நில்லுங்கள். இன்னும் படி இறங்க வேண்டாம்.

நான் காப்பி கலக்கப் போனபோது பலகையின் இடப்பக்கமும் நிறைந்திருந்தது.

டம்ளரை அந்த மேசையில் வையுங்கள். கைப்பையையும் வையுங்கள்.

கையைக் காட்டுங்கள்.